பிடிக்கவும் விடவும் தெரிந்த பெடல்

மலைச் சைக்கிள் ஓட்டுபவரின் ஷூவுக்கு அடியில் ஒரு சின்ன உலோகத் தகடு திருகப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் அது 'டக்' என்ற ஓசையுடன் பெடலின் தாடைக்குள் மாட்டிக்கொள்ளும். அதன்பின் காலை எவ்வளவு தூக்கினாலும் பெடலும் கூடவே வரும். பாறையும் மரவேரும் நிறைந்த சரிவுகளில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் ஒற்றையடிப் பாதைகளில், இப்படிக் காலை வண்டியோடு பூட்டிக்கொண்டுதான் பலர் இறங்குகிறார்கள். இதை முதன்முறை கேள்விப்படுகிற எவரும் கேட்பது ஒன்றுதான்: விழப்போகும்போது கால் எப்படி வெளியே வரும்?

நியாயமான கேள்வி. கல்லில் மோதிக் குலுங்கும்போது கால் கழன்றுவிடக் கூடாது. வண்டி சாயும்போது கழலாமல் இருந்துவிடவும் கூடாது. இந்த இரண்டு கணங்களுக்கும் நடுவே சில நேரம் ஒரு நொடிகூட இடைவெளி இருப்பதில்லை. ஒரு சுருள்வில்லும் சில உலோகத் துண்டுகளும் மட்டுமே கொண்ட கருவி, எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை எப்படி அறிகிறது? பெடல் வாங்கப் போகிறவர் எடையையும் விலையையும் பார்ப்பதற்கு முன் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். மற்ற எல்லாத் தேர்வுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பழைய குண்டு பல்பை நினைத்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஹோல்டரில் மாட்டிய பல்பை நேராகக் கீழே இழுத்துப் பார்த்தால் வராது. சற்று அழுத்தித் திருப்பினால் சிரமமில்லாமல் கையோடு வந்துவிடும். இழுக்கிற பலம் அங்கே ஒரு பொருட்டே இல்லை; எந்தத் திசையில் அசைக்கிறோம் என்பதே பல்பு நிற்பதா வருவதா என்று தீர்மானிக்கிறது.

பூட்டுப் பெடலும் அப்படியே. கடைகளில் இதை 'க்ளிப்லெஸ்' பெடல் என்பார்கள். முன்காலத்தில் பாதத்தைப் பிடித்திருந்த கூண்டும் வாரும் இல்லாததால் அந்தப் பெயர். சைக்கிள் ஓட்டும்போது பாதத்தின் விசை பெரும்பாலும் மேலும் கீழும், முன்னும் பின்னுமாகத்தான் செல்கிறது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பும் அசைவு, மிதிப்பதற்குத் தேவையே படாத ஒன்று. அந்தத் தேவைப்படாத அசைவைத்தான் வடிவமைப்பாளர்கள் பூட்டின் சாவியாக ஆக்கினார்கள்.

பரவலாகப் புழங்கும் ஷிமானோவின் எஸ்.பி.டி. வகையை எடுத்துக்கொள்வோம். பெடலின் முன்பக்கம் அசையாத ஒரு கொக்கி. பின்பக்கம் கீலில் ஆடும் ஒரு தாடை. சுருள்வில் ஒன்று அதை எப்போதும் மூடிய நிலைக்கே தள்ளிக்கொண்டிருக்கும். ஷூவின் அடியிலுள்ள தகட்டுக்குக் 'க்ளீட்' என்று பெயர். க்ளீட்டின் மூக்கு முன்கொக்கிக்கு அடியில் நுழைந்தபின் பாதத்தை அழுத்தினால், பின்விளிம்பு தாடையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு உள்ளே இறங்கும். தாடை திரும்பி வந்து அதன்மேல் கவிந்துகொள்ளும். 'டக்' என்ற ஓசை அப்போது எழுவது.

இனி காலை நேராகத் தூக்கினால், அந்த விசை தாடையின் உதட்டில் போய்ச் சேர்கிறது. உதடு அமைந்திருக்கும் கோணத்தால் அதில் மிகக் குறைந்த பங்கே தாடையைத் திறக்கும் திசையில் செல்லும். குதிகாலைத் திருப்பினாலோ க்ளீட்டின் பின்மூலை ஆப்பாக மாறித் தாடையை நேரடியாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. நெம்புகோல் தத்துவமும் உதவிக்கு வருகிறது. க்ளீட்டிலிருந்து குதிகாலுக்கு ஒரு சாண் தூரம். க்ளீட்டின் நடுவிலிருந்து அதன் மூலைக்கோ ஓரிரு சென்டிமீட்டர்தான். அதனால் குதிகாலில் கொடுக்கும் சிறு தள்ளல், தாடையில் பல மடங்கு பெரிய விசையாக வந்து விழுகிறது. இறுக்கமான சுருள்வில்லையும் கணுக்காலின் ஒரு திருப்பலில் திறக்க முடிவது இதனால்தான்.

பனிமலையிலிருந்து வந்த யோசனை

இந்தத் தத்துவம் சைக்கிளுக்கு வந்தது பனிச்சறுக்கிலிருந்து. சறுக்கு மட்டையோடு இறுகக் கட்டிய கால், விழும்போது மட்டையோடு சேர்ந்து முறுக்கப்பட்டால் கீழ்க்கால் எலும்பு முறியும். முறுக்கு விசை ஓர் அளவைத் தாண்டியதும் தானே விட்டுவிடும் பிணைப்புகளை உருவாக்கியவர்களுள் பிரான்சின் ழான் பேயில் முக்கியமானவர். அவருடைய லுக் நிறுவனம் அந்த அறிவை 1984-இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார் இனோ அந்தப் பெடல்களுடன் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்றதும், பந்தய வீரர்கள் கூண்டையும் வாரையும் கைவிடத் தொடங்கினார்கள்.

அதற்கு முன் இருந்த ஏற்பாடுகள் விடுவதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. கூண்டு வைத்த பெடலில் வாரை இறுக்கிவிட்டால், கையை நீட்டித் தளர்த்திய பிறகே காலை உருவ முடியும். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் கொண்டுவந்த எம்71 பெடல் காலை நன்றாகவே பூட்டியது. ஆனால் அதைத் திறக்க ஒரு நெம்பைக் கையால் இழுக்க வேண்டியிருந்தது. பிடிப்பதில் அது குறைவைக்கவில்லை. விழுகிற ஆளுக்குத்தான் நெம்பைத் தேடக் கை கிடைக்காது.

லுக் பெடல் சாலைக்குப் பொருத்தமாக இருந்தது, மலைக்கு இல்லை. அதன் க்ளீட் பெரிய பிளாஸ்டிக் முக்கோணம். ஷூவின் அடியில் புடைத்து நிற்கும். சாலைப் பந்தய வீரருக்கு நடக்கும் வேலை இல்லை. மலைச் சைக்கிள் ஓட்டுபவரோ செங்குத்தான பாறையில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார், ஓடையில் இறங்கித் தள்ளுவார். 1990-இல் ஷிமானோ கொண்டுவந்த எஸ்.பி.டி. பெடல் இதற்கு விடை கண்டது. க்ளீட் கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவான எஃகுத் துண்டாகச் சுருங்கியது. ஷூவின் ரப்பர் பற்களுக்கு நடுவே ஒரு குழியில் அது பதிந்துகொண்டதால், நடக்கும்போது தரையில் பதிவது ரப்பர்தான். பெடலின் இரு பக்கமும் தாடை இருந்ததால் எந்தப் பக்கம் மேலே வந்தாலும் மாட்டலாம். இரண்டு திருகுகளால் க்ளீட்டைப் பொருத்தும் அந்த முறையே இன்றுவரை மலைச் சைக்கிள் ஷூக்களின் பொது அளவாக நிலைத்திருக்கிறது.

மேலே இழுத்தால் வேகம் கூடுமா?

பூட்டுப் பெடலுக்கு ஆதரவாகக் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. கால் பூட்டியிருந்தால் கீழே மிதிப்பதோடு மேலேயும் இழுக்கலாம், சுற்று முழுவதும் விசை கிடைக்கும் என்பது அது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. பெடலுக்குள் விசைமானிகளைப் பொருத்திக் காலின் ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு விசை வருகிறது என்று அளக்கத் தொடங்கியபோது வேறு சித்திரம் தெரிந்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் காயில் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, தேசிய அளவில் முன்னணியிலிருந்த வீரர்களையும் அவர்களுக்கு ஒரு படி கீழே இருந்தவர்களையும் ஒப்பிட்டது. முன்னணி வீரர்கள் கூடுதல் திறனை எங்கிருந்து பெற்றார்கள்? காலைக் கீழே தள்ளும் பகுதியில் இன்னும் பலமாக மிதித்துத்தான். மேலே இழுக்கும் கலை அவர்களின் ரகசியமாக இருக்கவில்லை.

2007-இல் தாமஸ் கோர்ஃப் குழுவினர் இன்னும் நேரடியாகச் சோதித்தார்கள். எட்டு சைக்கிள் வீரர்கள், 200 வாட் திறன், நிமிடத்துக்கு 90 சுற்று. முதலில் வழக்கம்போல மிதிக்கச் சொன்னார்கள். பிறகு வட்டமாகச் சுழற்ற, கீழ்மிதியை அழுத்திச் செய்ய, மேலே இழுப்பதில் கவனம் வைக்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மேலே இழுத்தபோது விசை சுற்று முழுவதும் சீராகப் பரவியது உண்மைதான். ஆனால் அதே வேலைக்கு உடல் செலவிட்ட ஆற்றல் அதிகமானது. பயனுறுதிறன், அதாவது செலவிட்ட ஆற்றலில் பெடலுக்குப் போய்ச் சேர்ந்த பங்கு, குறைந்தது.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. காலைக் கீழே தள்ளுபவை புட்டத்திலும் தொடையின் முன்புறத்திலும் உள்ள பெரிய தசைகள். மேலே தூக்குபவை இடுப்பை மடக்கும், அவற்றைவிடச் சிறிய தசைகள். தவிர, இரண்டு பெடல்களும் எதிரெதிராக ஒரே அச்சில் இணைந்திருக்கின்றன. இடது கால் கீழே போகும்போது அதன் எடையே வலது காலை மேலே கொண்டுவர உதவுகிறது. தானாக நடக்கிற காரியத்துக்குத் தசையைத் தனியாக ஏவினால் ஆக்சிஜன்தான் வீணாகும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆஷர் ஸ்ட்ராவும் ராஜர் கிராமும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஓட்ட ஷூவும் தட்டைப் பெடலும், ஓட்ட ஷூவும் கூண்டுப் பெடலும், சைக்கிள் ஷூவும் பூட்டுப் பெடலும் என்று மூன்று இணைகளை ஒப்பிட்டார்கள். 50 முதல் 150 வாட் வரையிலான நிதானமான ஓட்டத்தில், உடல் செலவிட்ட ஆற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு, ஏற்றத்தில் உச்ச வேகத்துக்கு முயலும் குறுகிய பாய்ச்சல்களைப் பார்த்தது. அங்கே சைக்கிள் ஷூவும் பூட்டுப் பெடலும் தெளிவாகக் கூடுதல் திறனைத் தந்தன.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் மலைச் சைக்கிளுக்கு ஒரு கணக்குக் கிடைக்கிறது. மணிக்கணக்கில் சீராக ஏறுகிறவர் பூட்டுப் பெடலால் களைப்புக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி வேரில் தட்டி நிற்கப் போகும் அந்த ஓரிரு சுற்றுகளில், முழு பலத்தையும் இறக்க வேண்டிய நேரத்தில், அது கைகொடுக்கும்.

குலுங்கும் பாதை

அப்படியானால் மலைச் சைக்கிள் போட்டிகளில் பெரும்பாலோர் ஏன் காலைப் பூட்டிக்கொள்கிறார்கள்? விடை இறக்கத்தில் இருக்கிறது.

தட்டைப் பெடலில் பாதத்தைக் கீழே வைத்திருப்பது அடிப்படையில் புவியீர்ப்பு. சக்கரம் ஒரு கல்லிலிருந்து சட்டென்று இறங்கும்போது பெடலும் கீழே விழுகிறது. புவியீர்ப்பு பாதத்தை இழுக்கும் வேகத்தைவிட வேகமாகப் பெடல் கீழே போனால், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அடுத்த கணம் சக்கரம் இன்னொரு கல்லில் ஏறிப் பெடலை மேலே எறியும். பாதம் பழைய இடத்தில் இருக்காது. கரடுமுரடான பாதையில் இது மீண்டும் மீண்டும் நடக்கிறது. அந்தச் சிறு இடைவெளிகளை மூடிவைப்பதுதான் பூட்டின் உண்மையான வேலை. அத்தோடு பாதம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்ற உறுதியும் கிடைக்கிறது. ஓட்டுபவர் காலைப் பற்றி மறந்துவிட்டுக் கண்ணைப் பாதையில் வைக்கலாம்.

தட்டைப் பெடல் ஓட்டுபவர்களுக்கு இதே சிக்கலுக்கு வேறு தீர்வு உண்டு. குதிகாலைத் தாழ்த்திப் பாதத்தைப் பின்னோக்கிச் சாய்ப்பார்கள். அப்போது முன்னாலிருந்து வரும் அடி பாதத்தைப் பெடலோடு சேர்த்தே அழுத்தும். பெடலின் பரப்பிலிருந்து சிறு உலோக முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஷூவின் அடியில் மென்மையான, ஒட்டும் தன்மையுள்ள ரப்பர். இந்த ரப்பரில் பெயர் பெற்ற ஃபைவ் டென் நிறுவனம் பாறை ஏறுபவர்களுக்கு ஷூ செய்து தொடங்கியது.

தட்டைப் பெடல் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் நல்ல மறுப்பு. 2006, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் மலையிறக்கப் போட்டியின் உலகச் சாம்பியன். பின்னர் 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எண்டூரோ உலகத் தொடரின் ஒட்டுமொத்த வெற்றியாளர். இத்தனையும் தட்டைப் பெடலில். அவருக்கு எதிராக ஓடியவர்களில் பலர் காலைப் பூட்டியிருந்தார்கள். எனவே பூட்டுப் பெடலைத் தேர்ந்தெடுப்பவர், தேர்ச்சியின் அடுத்த படிக்கு ஏறுவதாக எண்ணத் தேவையில்லை. குலுக்கலைச் சமாளிக்க இருக்கும் இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டு பிழைகள், மூன்று அளவுகள்

பூட்டுப் பெடல் இரண்டு விதமாகத் தவறலாம். விடக் கூடாத நேரத்தில் விட்டுவிடலாம். இதை 'முந்திய விடுபடல்' என்போம். விட வேண்டிய நேரத்தில் விடாமல் இருக்கலாம். இது 'பிந்திய விடுபடல்'. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். சுருள்வில்லை இறுக்கினால் பாறையில் கால் கழலாது, ஆனால் சாயும்போது திறக்கச் சிரமம். தளர்த்தினால் எதிர்மாறு. பனிச்சறுக்கில் சறுக்குபவரின் எடை, உயரம், வயது, பழக்கம் ஆகியவற்றை வைத்துப் பிணைப்பை எந்த எண்ணில் வைப்பது என்று அட்டவணையே இருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவர் தமக்குரிய நடுப்புள்ளியைத் தாமே தேடிக்கொள்கிறார். அதற்கு அவரிடம் மூன்று அளவுகள் உண்டு.

முதலாவது இறுக்கம். ஷிமானோ பெடலில் ஒவ்வொரு தாடைக்கும் ஒரு சிறு திருகு இருக்கும். ஆலன் சாவியால் திருப்பும்போது படிப்படியாகக் 'க்ளிக்' என்று நகரும். ஒரு பெடலுக்கு இரண்டு பக்கம், ஆக ஒரு இணைக்கு நான்கு திருகுகள். நான்கையும் ஒரே அளவில் வைப்பது அவசியம். இல்லையென்றால் எந்தப் பக்கம் மாட்டியது என்பதைப் பொறுத்துக் கால் ஒரு நாள் எளிதாகவும் மறுநாள் கடினமாகவும் கழலும். புதியவர்கள் நான்கையும் மிகத் தளர்ந்த நிலையில் வைத்துத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது விடுகோணம். குதிகாலை எத்தனை பாகை திருப்பினால் பெடல் விடுகிறது என்பதே இது. கலிபோர்னியாவின் கிராங்க்பிரதர்ஸ் தன் வழக்கமான க்ளீட்டில் 15 அல்லது 20 பாகை என்று இரண்டு தேர்வுகளைத் தருகிறது. பிரான்சில் பிறந்த டைம் நிறுவனத்தின் ஏட்டாக் வகையில் 13 அல்லது 17 பாகை. இரண்டிலும் மாற்றும் முறை எளிது: இடது ஷூவின் க்ளீட்டை வலதிலும் வலதின் க்ளீட்டை இடதிலும் பொருத்தினால் கோணம் மாறிவிடும். சிறிய கோணம் விரைவில் விடும், பழகுபவருக்கு உகந்தது. வளைவுகளில் உடலைத் திருப்பி ஓட்டுகிறவருக்குக் குதிகாலும் சேர்ந்து திரும்பும்; அவருக்குப் பெரிய கோணம் பாதுகாப்பு.

மூன்றாவது தளர்கோணம். பெடல் விடுவதற்கு முன், எந்த எதிர்ப்பும் இல்லாமல் பாதம் இப்படியும் அப்படியும் திரும்பக் கிடைக்கும் இடம் அது. எஸ்.பி.டி.யில் ஏறத்தாழ 4 பாகை, கிராங்க்பிரதர்ஸ் வழக்கமான க்ளீட்டில் 6 பாகை. இதன் பயன் முழங்காலுக்கு.

ஷிமானோவிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. எஸ்.எச்.51 என்ற க்ளீட் பக்கவாட்டுத் திருப்பலுக்கு மட்டுமே விடும். எஸ்.எச்.56 என்ற க்ளீட்டின் விளிம்புகள் வேறு விதமாகச் சாய்க்கப்பட்டிருப்பதால், பல திசைகளில் திருகி இழுத்தாலும் விட்டுவிடும். பதற்றத்தில் காலை எப்படி உதறினாலும் வெளியே வந்துவிடும் என்பதால் புதியவருக்கு அது ஆறுதல். ஆனால் வேரைத் தாண்ட வண்டியைக் கால்களால் மேலே தூக்கும்போதும் அது விட்டுவிடக்கூடும். முந்திய விடுபடலை ஏற்றுக்கொண்டு பிந்திய விடுபடலைத் தவிர்க்கும் பேரம் இது. காலைத் திருப்பி எடுப்பது யோசிக்காமலே வரும் பழக்கமான பிறகு எஸ்.எச்.51-க்கு மாறிக்கொள்ளலாம்.

முழங்காலுக்கு ஏன் இடம் வேண்டும்?

மிதிக்கும்போது முழங்கால் மேலும் கீழும் மட்டும் மடங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கீழ்க்கால் எலும்பு தன் அச்சில் சற்றே திரும்புகிறது. பாதத்தை அசையவிடாமல் பூட்டினால், அந்தத் திருப்பல் வெளியேற வழியின்றி முழங்கால் மூட்டில் முறுக்கு விசையாகச் சேரும். நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்துக்கு 4,800 முறை.

லுக்கின் தொடக்ககாலப் பெடல்கள் பாதத்தை ஏறக்குறைய அசையாமல் பிடித்தன. முழங்கால் வலி பற்றிய பேச்சு எழுந்தது. பேயில் பின்னர் டைம் நிறுவனத்துக்காக உருவாக்கிய பெடல்களில் பாதம் திரும்ப இடம் தந்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேட்ரிக் ரூபியும் மோரி ஹல்லும் விசைமானி பொருத்திய பெடலில் இதை அளந்து 1993-இல் வெளியிட்டார்கள். பாதத்துக்கு அசையும் சுதந்திரம் கொடுத்தபோது முழங்காலில் விழும் சுமைகளில் சில குறைந்தன. முழங்காலில் ஏற்கெனவே தொல்லை உள்ளவர், பெடல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் தளர்கோணம்தான்.

சேறு, பாறை, மேடை

மூன்று அளவுகளும் சரியாக இருந்தும் தாடைக்குள் சேறு அடைத்துவிட்டால் பெடல் மாட்டாது. மாட்டினாலும் முழுதாகப் பூட்டாது. மழைக்காலப் பாதைகளில் ஓட்டுபவருக்கு இது பெரிய கவலை. கிராங்க்பிரதர்ஸ் 2001-இல் வெளியிட்ட எக்பீட்டர் இதற்காகவே பெயர் பெற்றது. உடல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அச்சைச் சுற்றி நான்கு பக்கமும் கம்பி வளையங்கள் மட்டும். சேறு தங்க இடமில்லை. எப்படிச் சுழன்று நின்றாலும் நான்கில் ஒரு பக்கம் க்ளீட்டை வாங்கிக்கொள்ளும். டைம் ஏட்டாக்கிலும் இதே போல வளைந்த கம்பிகள் சேற்றை அறுத்துக்கொண்டு பிடிக்கும். ஆனால் எக்பீட்டரில் இறுக்கத்தைக் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது. ஷிமானோவின் பெட்டி போன்ற உடலில் திருகு உண்டு, ஆனால் கெட்டியான களிமண் தாடைக்குள் தங்க வாய்ப்பும் உண்டு.

அடுத்தது, தாடையைச் சுற்றியுள்ள மேடை. குறுக்குநாட்டுப் பந்தயத்துக்கான பெடலில் மேடை இருக்காது, எடை குறைவு. ஷிமானோவின் எக்ஸ்.டி. வரிசையில் பந்தயப் பெடல் இணை ஏறத்தாழ 340 கிராம்; மேடை வைத்த பெடல் இணை ஏறத்தாழ 440 கிராம். அந்த நூறு கிராமுக்குக் கிடைப்பது இரண்டு. ஷூவின் அடிப்பாகம் க்ளீட்டின் மேல் மட்டும் நிற்காமல் இரு பக்கமும் தாங்கு பெறும்; மெத்தென்ற, நடக்க வசதியான ஷூ அணிபவருக்கு இது முக்கியம். அடுத்து, அவசரத்தில் க்ளீட் மாட்டாவிட்டாலும் ஒரு வளைவைக் கடக்கும்வரை காலை வைக்க இடம் இருக்கும். செங்குத்தான இறக்கங்களில் ஓட்டுபவர்கள் மேடை உள்ளதையும், ஏற்றமும் சமதளமும் மாறி மாறி வரும் பந்தயங்களில் ஓடுபவர்கள் மேடை இல்லாததையும் நாடுவது இதனால்.

மேடை அகலமாக அகலமாகப் பாறையில் உரசும் வாய்ப்பும் கூடும். தரைக்கு நெருக்கமாக அமைந்த இன்றைய வண்டிகளில், வளைவில் சாயும்போது பெடல் கல்லில் இடித்தால் ஆளைத் தூக்கியே எறிந்துவிடும். பெடலைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அகலத்தோடு தடிமனையும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஷிமானோ, டைம், கிராங்க்பிரதர்ஸ் மூன்றின் க்ளீட்டுகளும் ஒரே இரண்டு திருகு ஷூவில் பொருந்தும். ஆனால் ஒரு நிறுவனத்தின் க்ளீட் இன்னொரு நிறுவனத்தின் பெடலில் மாட்டாது. வெவ்வேறு நிறுவனப் பெடல்கள் பொருத்திய இரண்டு வண்டி வைத்திருப்பவர் இதை மறந்தால் இரண்டு ஜோடி ஷூ வாங்க நேரும்.

பொருத்துவதும் பழகுவதும்

நல்ல பெடலையும் தவறாகப் பொருத்திய க்ளீட் கெடுத்துவிடும். பெருவிரலின் அடிமூட்டுக்கும் சுண்டுவிரலின் அடிமூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் பெடலின் அச்சு வருமாறு வைப்பது வழக்கமான தொடக்கம். மலையிறக்கம் ஓட்டுபவர்கள் க்ளீட்டை இன்னும் பின்னே, பாதத்தின் நடுவை நோக்கித் தள்ளுவார்கள். அச்சுக்கும் கணுக்காலுக்கும் உள்ள தூரம் குறைவதால், குதித்து இறங்கும்போது கெண்டைக்கால் தாங்க வேண்டிய சுமையும் குறையும். இதனால் மிதிக்கும் ஆற்றல் வீணாகுமோ என்ற சந்தேகத்துக்கும் விடை உண்டு. வான் சிக்கிலும் ஹல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதத்தை முன்னும் பின்னுமாக நகர்த்தி வைத்து ஓட்டியபோது ஆக்சிஜன் செலவில் மாற்றம் தெரியவில்லை.

திசையை முடிவுசெய்ய ஒரு எளிய வழி, உயரமான மேசையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பார்ப்பது. பாதங்கள் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, தளர்கோணத்தின் நடுப்பகுதி அங்கே வரும்படி க்ளீட்டைத் திருப்பி வைக்கலாம். ஷிமானோ க்ளீட்டின் திருகுகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்கிறது. இதில் அசட்டை ஆபத்தானது. ஒரு திருகு கழன்றுவிட்டால் குதிகாலைத் திருப்பும்போது க்ளீட் பெடலிலேயே நின்றுகொள்ளும், ஷூ மட்டும் அதன்மேல் சுழலும். காலை வெளியே எடுக்கவே முடியாது. பிந்திய விடுபடலின் மிக மோசமான வடிவம் அதுதான்.

புதியவர்கள் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை, நிற்கும்போதே விழுகிறார்கள். வண்டி நின்றுவிடும், கால் நினைவு வராது, பக்கவாட்டில் மெல்லச் சாய்வார்கள். புல்தரையில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பழகிவிட்டு, பிறகு சமதளத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்துவதற்கு முன்பே ஒரு காலைக் கழற்றும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வதே சரியான வரிசை. பாறைப் பாதை அதற்குப் பின்.

க்ளீட் தேயும் பொருள். கிராங்க்பிரதர்ஸும் டைமும் அதைப் பித்தளையில் செய்கின்றன. பெடலின் எஃகுக் கம்பிக்குப் பதிலாக விலை குறைந்த க்ளீட் தேயட்டும் என்பது அதன் கணக்கு. ஷிமானோவின் எஃகு க்ளீட் அதைவிட நீடிக்கும், ஆனால் அதுவும் தேயும். தேய்ந்த க்ளீட்டில் ஓரம் மழுங்கிப்போவதால் தளர்கோணம் கூடும், பிடி குறையும். எதிர்பாராத நேரத்தில் கால் கழலத் தொடங்கும். அப்போது பலர் செய்வது சுருள்வில்லை இன்னும் இறுக்குவது. இறுக்கிய வில் தேய்ந்த விளிம்பைக் கொஞ்ச நாள் பிடித்து நிறுத்தும், பிறகு மறுபடி விடும். நடுவில் பெடலின் தாடையும் சேர்ந்து தேயும். திருகைத் தொடுவதற்கு முன் ஷூவைத் திருப்பிப் பார்த்து, க்ளீட்டின் விளிம்பைப் புதிய ஒன்றோடு ஒப்பிட்டு, வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டு ஷூவிலும் ஒருசேர மாற்றிவிட வேண்டும். மாற்றிய பின் வில்லை மறுபடி தளர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, நான்கு பக்கமும் சமமாக, ஒவ்வொரு 'க்ளிக்'காக ஏற்றிச் சரிபார்க்கலாம்.